நீல நரிக்குள் இருந்தவர்

எனக்கு முப்பது வயது முடிந்துவிட்டது. இன்னும் ஜப்பான் கார்ட்டூன்தான் பார்க்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பழக்கிவிட்டவர் சித்தப்பா. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். தமிழ் பேசும் நீல நரி ஒன்று வரும். சண்டைக்கு முன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்து நிற்கும். சித்தப்பா கபடி ஆடுகிறவர், அவருக்கு அது போதவில்லை. நரி மாதிரி கையை வைத்துவிட்டு, உடனே இறக்கித் தொடையில் இரண்டு தட்டு தட்டுவார். "இப்பத்தான் சண்டை மாதிரி இருக்கு" என்பார். நானும் தட்டுவேன். உலகத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அதை அப்படிச் செய்ததில்லை.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது சித்தப்பா சிங்கப்பூருக்குப் போனார். இரண்டு மா நிலத்தை விற்று அனுப்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் கூலிங்கிளாஸ் போட்ட அவர் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். மூலையில் விமானம் வேறு. எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எதிர்வீட்டுப் பெரியப்பா வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். நன்றாக இருக்கிறேன் என்பார், வைத்துவிடுவார்.

அடுத்த ஆண்டு தஞ்சாவூர் பொருட்காட்சியில் ஜப்பான் கார்ட்டூன் உலகம் என்று ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். குறுவை நடவு நேரம். அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூட்டிப்போனாள்.

உள்ளே தெர்மாகோல் மலை, காகிதப் பூ ஒட்டிய மரம். மேடையில் நீல நரி நின்றது. பெரிய பஞ்சுத் தலை, வெல்வெட் உடம்பு, ஓர் இடத்தில் தையல் விட்ட வால். ஜப்பானிலிருந்தே வந்திருக்கிறது என்று நம்பினேன். பதினோரு வயதில் நம்புவார்களா என்று கேட்காதீர்கள். நம்பினேன்.

அம்மா வெளியே டெல்லி அப்பளம் வாங்க நின்றுவிட்டாள். நான் மேடைக்கு அருகே போய்க் கைகளைக் குறுக்காக வைத்தேன். நரி என்னைப் பார்த்து அசையாமல் நின்றது. பிறகு அதுவும் கைகளைக் குறுக்காக வைத்தது. இறக்கி, தொடையில் இரண்டு தட்டு தட்டியது.

"சித்தப்பா!"

நரி குனிந்தது. அதன் வாய்க்குள் கறுப்பு வலை. வலைக்குப் பின்னால் வியர்வையில் ஊறிய ஒரு முகம்.

"கத்தாத பாப்பா. யார்கிட்டயும் சொல்லிடாத. நான் சிங்கப்பூர்லதான் இருக்கேன்."

"நரி எங்க?"

"என்னது?"

"நெஜ நரி எங்க?"

பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்தார்கள். "ஏய் நரி, என்ன பேச்சு அங்க? ஆடுடா!" அவர் திரும்பி ஆடத் தொடங்கினார்.

ஏஜெண்ட் அவரைச் சென்னையோடு விட்டுவிட்டு ஓடியிருந்தான். அவன் நாசமாய்ப் போகட்டும். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுச் சித்தப்பா பொருட்காட்சியோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று எனக்கு இருந்த கோபம் வேறு. அவர் சிங்கப்பூர் போகாததைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் நரியைக் கொன்றுவிட்டார் என்றுதான் கோபம். அவர் தொடையைத் தட்டாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஏன் தட்டினார் என்று யோசிக்கவில்லை.

பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாயை மூடு என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலை, நடவாட்கள் வயலில் இறங்கிய பிறகு, அப்பா அப்படியே கரையேறி பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனார். சாயங்காலம் தனியாக வந்தார்.

"நீ பாத்தது வேற ஆளு. இந்தப் பேச்சு இனிமே இந்த வீட்டுல வரக்கூடாது."

என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தார். அப்பாவே கார் எடுத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தார். புதுப் பெட்டி, புதுச் சட்டை, சென்ட் வாசனை. தெருவே எங்கள் வாசலில் நின்றது. சித்தப்பா பாதியாக இளைத்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்! இவரு தஞ்சாவூர்ல நரி வேஷம் போட்டு ஆடுனாரு. நான் பாத்தேன்!"

சித்தப்பா பெட்டியைக் கீழே வைத்தார். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுப் பெரியப்பாதான் முதலில் சிரித்தார்.

"விடு தம்பி, அடிக்காத. ராப்பகலா டிவி பாத்தா புள்ளைக்கு ஆடு மாடுகூட நரியாத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓர் அக்கா, "அங்க வெயிலெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டாள்.

"இங்க மாதிரிதான்" என்றார் சித்தப்பா.

பெரியப்பா வீட்டு போனில், கூப்பிடுகிறவரின் நம்பர் தெரியும். ஒரு வாரம் கும்பகோணம் நம்பர், ஒரு வாரம் தஞ்சாவூர் நம்பர். அதைப் பார்த்துக்கொண்டேதான் பெரியப்பா ஒவ்வொரு ஞாயிறும், "சிங்கப்பூர் போனு, ஓடி வாங்க" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டிருக்கிறார். கல்லூரிக்குப் போன பிறகு பெரியம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. தெருவுக்கு அப்போதே தெரியுமாம்.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அன்று சாயங்காலம் எங்கள் தெரு அந்த வீட்டில்தான் இருக்கும். தைலம் குடு, சோப்பு குடு என்று உரிமையோடு கேட்டு வாங்கிப்போவார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்தே விடுவார்கள். சித்தப்பா வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் ஒருவர்கூட வரவில்லை. சித்தப்பா பெட்டியைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கத்தியதில் தெருவுக்கே எங்கள் மேல் கோபம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இருட்டும்வரை வாசற்படியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டைப் பார்க்காமல் தாண்டிப்போன ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டிருந்தேன்.