சாந்து வைத்த மூன்றாம் வரிசை

பாட்டிலைக் காட்டி வேலை சொன்னவர் என் கொத்து வேலை அனுபவத்தில் மலையில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர்தான். மதுவிலக்குக் காலம். பூசைக்கென்று பர்மிட் வாங்கி வைத்திருந்த சிவப்பு ஒயின் அது. சிரா என்ற கருந்திராட்சையில் செய்ததாம். லேபிளில் அவர் ஊர் மலையை அச்சடித்திருந்தார்கள்: செங்குத்தான சரிவு, படிப்படியாகக் கல்கட்டு, அதன்மேல் கொடிகள்.

"இந்த மலையில எடப்புளி நாட்டுச் சரிவுல இதே மாதிரி நாலு வரிசை கட்டணும், மேஸ்திரி. பூசைக்கு வேண்டிய ஒயினை இங்கேயே செய்யலாம்" என்றார். "சாந்து வேண்டாம். வெறுங்கல். தண்ணி வெளியே போகணும்."

கல் சுமந்த சடையன் மலைக்காரன், இருபது வயசு. பாட்டில்தான் எனக்குப் பிளான் என்பதால், "ஏனுங்க மேஸ்திரி, பிளானைக் குடிச்சுப்போடாதீங்க" என்று கேலி செய்வான். நான் வெற்றிலைகூடப் போடாதவன்.

இரண்டு வரிசை சொன்னபடியே கட்டினேன். பாதிரியார் அவற்றில் சிரா குச்சிகளை நட்டார். மூன்றாவது, ஆள் உயரத்துக்கு மேல். வெறுங்கல் நிற்காது என்று பட்டது. ஆட்டுப்பட்டிச் சுவர் என்று ஊரிலும் சிரிப்பார்கள். அவர் சேலம் போயிருந்த வாரத்தில் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து சுண்ணாம்பு வரவழைத்து, முகப்பில் தெரியாதபடி உள்ளே சாந்து நிரப்பினேன். மலைக்கோயில் அறப்பளீசுவரரைக் கும்பிட்டுத்தான் செய்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை வெயில் வந்ததும், சாய்ந்த கொடிகளைக் கட்ட சடையன் இரண்டாம் வரிசைக்குப் போனான். அதற்கு மேலிருந்த மூன்றாம் சுவருக்குப் பின்னால், வெளியேற வழியில்லாமல் தேங்கிய தண்ணீர் சுவரையே அவன்மேல் தள்ளிவிட்டது. கல்லையெல்லாம் அகற்றியபோது மூச்சு இல்லை.

பாதிரியார் ஒரு கல்லைப் புரட்டினார். சாந்து ஒட்டியிருந்தது.

"மழைங்க சாமி" என்றேன்.

"எங்கிட்ட மழைன்னு சொல்லு. அவன் அப்பாகிட்ட என்ன சொல்லுவே?"

அவன் இறந்த மூன்றாம் நாள் சடையன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"சாந்து வெச்சது நாந்தானுங்க. வேண்டாம்னு சொல்லியும் வெச்சேன்" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அந்தச் சுண்ணாம்பை எம்பையன்தானுங்க சொமந்தான். 'மேஸ்திரி மூணாவதைக் கெட்டியாக் கட்டறாரு, இனி அடியில நின்னாலும் பயமில்லீங்கப்பா'ன்னான்."

கொடிகளைப் பாதிரியாரே பிடுங்கிப் போட்டார். பூசைக்கு ஒயின் பழையபடி கப்பலில் வந்தது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு: சரிவுச் சுவர் மண்ணைத் தாங்க வேண்டும், தண்ணீரை வெளியே விட வேண்டும். இதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். எனக்கும் சொன்னார்கள். நிற்குமா என்று சந்தேகம் வந்தபோது பாதிரியார் சேலத்திலிருந்து திரும்பி வரும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.