வார்னிஷுக்கு அடியில் இருந்த கிரீடம்

எங்கள் சாந்தோம் வீட்டுக் கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கி தொங்கியது. போர்த்துகீசியர் இங்கே கோட்டை கட்டியிருந்த நாளில் எங்கள் மூதாதை ஒருவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு காவல் நின்றார் என்பது அப்பா சொல்லும் கதை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீடு வாடகை வீடு, நிலபுலம் கிடையாது, பெருமை என்று சொல்லிக்கொள்ள இந்தக் கதை ஒன்றுதான். பங்குத் திருவிழா வந்தால், கோயில் சப்பரத்துக்குப் பூசி மிஞ்சின கறுப்பு வார்னிஷை வாங்கி வந்து துப்பாக்கிக்கும் ஒரு கை பூசிவிடுவார். இரும்பு, மரம் எல்லாம் ஒரே கறுப்பு. துப்பாக்கிக்கு வார்னிஷ் பூசுகிற வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணன் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன். இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில் ஒரு திருவிழாவுக்கு லீவில் வந்தான். அன்று மத்தியானம் பங்குச் சாமியாரும் அப்பாவோடு வேலை பார்க்கும் வாத்தியார்கள் நாலு பேரும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்பா வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தார். என் வாய் சும்மா இருந்ததா?

“அண்ணே, நீதான் தினமும் துப்பாக்கியோட மாரடிக்கிறே. இது எந்தக் காலத்துதுன்னு சாமிக்குப் பாத்துச் சொல்லேன்” என்றேன். அவன் ஆமாம் போடுவான், அப்பாவுக்கு முகம் மலரும் என்று நினைத்தேன். எனக்குப் பதினாறு வயது, புத்தி அவ்வளவுதான்.

அண்ணன் அதை இறக்கி மடியில் வைத்தான். கையில் துப்பாக்கி வந்துவிட்டால் அவனுக்கு மனிதர்கள் கண்ணில் பட மாட்டார்கள். பேனாக்கத்தியால் விசைக்குப் பக்கத்துத் தகட்டைச் சுரண்டினான்.

“குழாயைப் பாருங்க சாமி. முதல்ல வாய் வழியா வெடிமருந்து கெட்டிக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க. அப்புறம் பின்னாடி அறுத்து, தோட்டா போட இந்த மூடியை வச்சிருக்காங்க. போர்த்துகீசியன் துப்பாக்கின்னா இந்த இடத்துல திரி இருக்கணும், இல்லே சிக்கிமுக்கிக் கல்லு இருக்கணும். இதோ கிரீடம். கீழே வி, ஆர். விக்டோரியா ராணி முத்திரை. வருஷமும் வெட்டியிருக்கு, நம்ம தாத்தா பொறந்த வருஷத்துக்குக் கிட்ட வருது.”

வாத்தியார்களில் ஒருவர் சிரித்தார். “ஏன் சார், தாத்தா பொறந்தப்போ பண்ணின துப்பாக்கியை தாத்தாவுக்குத் தாத்தா எப்படித் தூக்கினாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும்தான். அப்பா இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

விருந்தாளிகள் போன பிறகுதான் வாயைத் திறந்தார். “எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் அந்தக் கிரீடத்து மேல வார்னிஷ் பூசறவன் நான்தானே. துப்பாக்கியைப் பாத்தே, உன் அப்பனைப் பாக்கலியே.”

“கேட்டாங்க, சொன்னேன்பா” என்றான் அண்ணன். வேறு என்ன சொல்வான்? கேட்டவள் நான் அல்லவா. அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மீதி லீவு முழுக்க அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போகிறவர் நெற்றியில் அப்பா சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் பெட்டியோடு வந்து தலை குனிந்து நின்றான். அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் போட்டேன்.

பர்மாப் பக்கம் போனான். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: அப்பா கோபம் தீர்ந்ததா? நான் உரக்கப் படித்தால் அந்த வரி வருவதற்குள் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். என்ன பிடிவாதம் அது! எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

யுத்தம் முடிந்த சமயம், நாலு நாள் காய்ச்சலில் அப்பா போய்விட்டார். தண்ணீர் கேட்டார், பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதா என்று கேட்டார். அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் வந்தான். கல்லறைக்கு அழைத்துப் போனேன். “அப்பா போறப்போ என்னைப் பத்தி இன்னா சொன்னாரு?” என்றான்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொன்னாரு” என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. “சரி பாப்பா” என்றான்.

அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்து அப்பா பேச்சை எடுத்தாலும், “கடைசியில என்னை மன்னிச்சுட்டாரு” என்று அவனே சொல்வான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவான். நான் ஆமாம் என்பேன்.