ரிட்டன் டிக்கெட்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றுபோனது ஒரு ரயில் டிக்கெட்டால். அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தே சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எங்கள் குடும்பத்துக்குள்ளும் புகுந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை. அவருடைய அண்ணனுக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை. "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்று அண்ணன் கடிதம் போட, இவருக்குப் பாஸ்போர்ட், விசா எல்லாம் கைக்கு வந்துவிட்டன. மிச்சம் டிக்கெட்தான். ஸ்டேஷனில் இரண்டு வழி சொன்னார்கள். ரயில், கப்பல், அந்தக் கரையில் இன்னொரு ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போக வர ஒரே டிக்கெட்; மதுரைக்கு எழுதிப்போட்டு வாங்கித் தருவார்களாம், குறித்த நாளுக்குள் திரும்பிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆங்காங்கே தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

அவர் தனித்தனி என்றார்.

"கண்டி பாக்கணும், யாழ்ப்பாணம் பாக்கணும். கால்ல கயித்தக் கட்டிக்கிட்டா போக முடியும்?"

எனக்கு அவர் அண்ணன் போன கதைதான் நினைவுக்கு வந்தது. அண்ணனும் பத்து நாளில் வந்துவிடுவதாகத்தான் போனார். மல்லாங்கிணற்றில் அவர் மனைவி பதினோரு வருஷமாக மணியார்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இவரும் அங்கேயே தங்கிவிடுவாரோ என்ற பயத்தை வெளியே சொல்லவும் ரோஷம் விடவில்லை. அதனால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம ஊர்ல கெளம்பும்போது யாராவது 'போறேன்'னு சொல்லுவாகளா? 'போயிட்டு வாரேன்'னுதான சொல்லுவாக? ரிட்டன் டிக்கெட்டுன்னா போயிட்டு வாரேன். நீங்க எடுக்கப்போறது வெறும் போறேன்."

"டிக்கெட்டுக்குமா சகுனம் பாப்ப?" என்று சிரித்தார்.

அன்று ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்துபோய் அல்ல. அவரும் அதை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்துபோனார். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது என்று தீர்மானித்துவிட்டு, அவருக்கு முன்னால் போய் நின்றேன். கவுண்டரில் ஒரு டிக்கெட் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி ஊதியதும் என்னைப் பார்த்து, வேண்டுமென்றே, "அப்ப போறேன்" என்றார்.

விளையாட்டுக்குத்தான். ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டக் கூடாதென்று முதுகைத் திருப்பிக்கொண்டேன். வண்டி போன சத்தத்தைத்தான் கேட்டேன்.

நேரே வந்து கடையைத் திறந்தேன். துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே அழுதேன். வாங்க வந்தவள் என்னவென்று கேட்டதற்கு மிளகாய் வத்தல் நெடி என்றேன்.

உச்சி வெயிலில் கடைக்கு எதிரே பஸ் நின்றது. டிரங்குப் பெட்டியோடு, தலையெல்லாம் புழுதியாக அவர் இறங்கி வந்தார்.

"ரயிலு என்னாச்சு?"

"ரயிலு போயிருச்சு. நாந்தான் திருச்சுழியில எறங்கிட்டேன்."

எடுத்ததே பக்கத்திலிருக்கும் திருச்சுழிக்குத்தானாம். அதற்கு மேல் போக மனசு வருகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

"வழியெல்லாம் ஒன் முதுகுதான் தெரிஞ்சது" என்றார். "மேல டிக்கெட் எடுக்கக் கை வரல."

நான் அடம்பிடித்த ஒரே டிக்கெட்டை எடுத்திருந்தால் அந்நேரம் ராமேஸ்வரத்தை நெருங்கியிருப்பார். தனித்தனியாக எடுத்ததால்தான் திரும்பி வந்தார். இதை இன்றுவரை நான் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை.

"இப்ப என்ன செய்யப்போறீக?"

"ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் வாரேன். மதுரைக்கு எழுதிப்போடுவாக. போக வர ஒரே டிக்கெட்டு."

பெட்டியை மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு உள்ளே வந்து, என் கையிலிருந்த தராசை வாங்கிக்கொண்டார்.

"காலையில சொன்னதுல பாதி விட்டுப்போச்சு" என்றார். "போயிட்டு வந்துட்டேன்."