கல்யாணக் கார்டில் ஊர்ப்பெயர்

குவீன் ஸ்திரீட்டில் உள்ள ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டு வடிவமைப்பது என் வேலை. சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "டிசைன் உன் இஷ்டம்மா. ஆனா மேட்டர்ல கை வைக்காத. பேரு, ஊரு எல்லாம் அவங்க குடுத்தது குடுத்தபடி வரணும்."

மேட்டர் என்றால் கார்டில் அச்சாகும் வாசகம். அதில் நான் இன்றுவரை கை வைத்ததில்லை. ஆனால் ஒரு கார்டில் மேட்டரே வராமல் ஒரு வரி காலியாக நின்றது. அதைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

1. வலப்பக்கத்தில் ஒரு வரி

மணமகன் வீட்டார் யாழ்ப்பாண வழியினர். அவர்கள் கொடுத்த மேட்டரில் பெற்றோர் பெயருக்கு மேலே "யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட" என்று இருந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் வரும். நம் பிள்ளைக்கு நம் பெயர் வரும். தாத்தாவின் பெயர் அதோடு உதிர்ந்துவிடும். உதிராமல் நிற்பது ஊர்ப்பெயர் ஒன்றுதான். அதனால் அதைப் பலர் விடாமல் போடுகிறார்கள்.

மணமகள் கவிதா இதே ஊரில் டத்தோ கிராமாட் பகுதியில் வளர்ந்தவள். தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் அவள் அப்பா மாரிமுத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கார்டின் மாதிரி அச்சான ப்ரூஃபைப் பார்க்க வந்தார். இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று வலப்பக்கத்தில் பெண் வீட்டாருக்கும் அந்த வரிக்கு நான் இடம் விட்டிருந்தேன்.

"இங்க என்னா தங்கச்சி, காலியா கெடக்கு?"

"உங்க பூர்வீகம் அண்ணே. ஊரு பேரு சொன்னா போட்டுடுவேன்."

அவர் மனைவி முந்திக்கொண்டார். "தஞ்சாவூர்னு போட்டுடுங்கலா. யாரு போய்ப் பாக்கப்போறா?"

"தஞ்சாவூர்ல எங்கன்னு சம்பந்தி கேட்டா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துலன்னு சொல்லுவியா?" என்றார் மாரிமுத்து.

கவிதா சிரித்தாள். "அவங்களையும் அந்த லைனை எடுக்கச் சொல்லிடலாம்பா. டென்ஷன் இல்ல."

"அவங்க ஊர அவங்க போடட்டும். நம்மகிட்ட இல்லன்னு அவங்களுத எடுக்கச் சொல்றதா?" அவர் குரல் மாறியிருந்தது.

அங்கேயே நின்று, சுங்கை பாக்காப்பில் இருக்கும் தன் அத்தையைக் கைப்பேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்த அத்தையின் அப்பா, அதாவது மாரிமுத்துவின் தாத்தாதான், இந்தியாவிலிருந்து கடல் கடந்து அங்கே எஸ்டேட் தோட்ட வேலைக்கு வந்தவர்.

"ஊரு பேரா? எங்கப்பா வாயத் தொறந்தாத்தானடா! கேட்டா கடல் பக்கமா கையக் காட்டுவாரு. இன்னும் கேட்டா, போய் மாட்டக் கட்டுன்னு வெரட்டுவாரு."

"வேற யாருக்காச்சும் தெரியுமா அத்தே?"

"தெரிஞ்சவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. நீ எப்ப வர்ற? கல்யாண வேலைன்னு சாக்கு சொல்லாத. கருவாட்டுக் கொழம்பு வச்சா ஒன் நெனப்புதான் எனக்கு."

பேசி முடித்த பிறகும் அவர் கைப்பேசியைப் பையில் வைக்கவில்லை. "சுங்கை பாக்காப்னே போடு தங்கச்சி," என்றார்.

"அது தோட்டம்லா! அதுவா பூர்வீகம்?" என்றார் மனைவி.

"எங்கப்பா பொறந்த எடம். தாத்தாவ எரிச்ச எடம். எனக்குத் தெரிஞ்சது அதான். சம்பந்தி சரின்னா அச்சாகட்டும். வேணாம்னா நம்ம பக்கம் காலியாவே இருக்கட்டும்."

2. சம்பந்தி வந்த நாள்

மணமகனின் அப்பா ஓய்வுபெற்ற கிளார்க். மாரிமுத்துவும் அவரும் சேர்ந்தே வந்தார்கள். அவர் ப்ரூஃபை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நின்றார். முதலாளி தன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சுங்கை பாக்காப்பா?"

"அதுக்கு முன்னால எங்களுக்குத் தெரியாதுங்க. பொய்யா ஒண்ணு போட மனசு வரல," என்றார் மாரிமுத்து.

"அங்க இப்ப உங்களுக்கு ஆள் இருக்கா?"

"அத்தை இருக்காங்க. போனா சோறு போடாம விடமாட்டாங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிட்டையர் ஆன பிறகு நான் வட்டுக்கோட்டைக்குப் போனேன். அப்பா சொன்ன வீட்டையும் கண்டுபிடிச்சேன். வேற யாரோ இருந்தாங்க. யார் வேணும்னு கேட்டாங்க. என்ன சொல்றது? தண்ணி வேணும்னு கேட்டேன். குடிச்சிட்டு வந்துட்டேன்."

மாரிமுத்து அவர் தோளில் கை வைத்தார். வைத்த பிறகுதான் அவர் சம்பந்தி என்பது நினைவு வந்தவர்போலக் கையை எடுக்கப் பார்த்தார். பெரியவர் விடவில்லை.

"அடிங்கம்மா," என்றார் என்னிடம். "ரெண்டு ஊரும் ஒரே சைஸ்ல இருக்கட்டும்."

அச்சகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காலி வரியைக் கண்டால் நீங்களாக ஒரு பெரிய ஊரை எடுத்துக் கொடுக்காதீர்கள். பூர்வீகம் எது என்றும் கேட்காதீர்கள். போனால் உங்களுக்குச் சோறு போட ஆள் இருக்கும் ஊர் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் உடனே வரும். நிபோங் திபாலில் என் சித்தி இருந்தவரை என்னிடமும் ஒரு பதில் இருந்தது.