மச்சானின் ஐஸ் பெட்டியில் என் மஜ்ஜை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஐஸ் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, உலகத்தில் தெரியாதது எதுவும் கிடையாது. கல்யாணம், காய்ச்சல், கச்சிராயபாளையத்துக் கரும்பு விலை, எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருக்கும். ஆனால் பெரிய பெருமை வேறு. சித்திரை வெயிலில் ஜீப்பில் வெள்ளிமலைக்குக் குச்சி ஐஸ் அனுப்புவார். மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால் ஒன்றுகூடக் கரைந்திருக்காது. இதை அவர் சொல்லாத பெருநாள் இல்லை.

எனக்கு ரத்தப் புற்றுநோய், அதுவும் வேகமாக வளரும் வகை என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அதன் செல்களில் எந்தக் குரோமோசோமின் துண்டு எங்கே இடம் மாறி ஒட்டியிருக்கிறது என்று சென்னை லேபில் பார்க்க வேண்டுமாம். மருந்து மட்டும் போதுமா, இன்னொருவர் மஜ்ஜையை எனக்கு ஏற்ற வேண்டுமா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். என் உயிரே அந்தச் சின்னக் குழாயில் இருந்தது.

என்னோடு அக்கா தங்கியிருந்ததால், கொண்டுபோகும் பொறுப்பு மச்சானுக்கு வந்தது. கேள்விப்பட்டதுமே தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

“ஐஸ் வெக்காதீங்க சார். செல்லு உயிரோட இருந்தாதான் லேப்ல வளத்துப் பாக்க முடியும். சும்மா பையில கொண்டு போங்க,” என்றார் நர்ஸ்.

மச்சான் பணிவாகத் தலையாட்டினார். அவருக்குப் பணிவு வந்தால் யாருக்கோ கேடுகாலம்.

மறுநாள் லேபிலிருந்து போன். குழாய் உறைந்து கட்டியாக வந்திருக்கிறது, ஒரு செல்லும் தேறாது என்றார்கள். அக்கா அவரை உலுக்கி எடுத்தாள்.

“நர்ஸம்மாக்கு ஐஸப் பத்தி இன்னா தெரியும்? உப்பு போட்டு இறுக்கமா வெச்சேன். மெட்ராஸ் வரைக்கும் சொட்டுக்கூட கரையல, தெரியுமா?”

“மஜ்ஜை இன்னா பால் ஐஸா?” என்று கத்தினாள் அக்கா.

எனக்குக் கத்தவும் தெம்பில்லை. பயமாக இருந்தது. மருந்தை இனியும் தள்ளிப்போட முடியாது, அதற்கு முன் இன்னொரு தடவை மஜ்ஜை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடியும் குப்புறப் படுத்தேன், மறுபடியும் ஊசி. அந்த வலியில் மச்சானின் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன்; அதில் அக்கா பிள்ளைகளும் அடக்கம் என்பது அப்போது தோன்றவில்லை.

இந்தமுறை குழாயை அக்காவே கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். மச்சானை பஸ் பக்கமே விடவில்லை.

செல்கள் வளர்ந்தன. எட்டாவது குரோமோசோமும் இருபத்தொன்றாவதும் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை, இப்போதைக்கு மருந்தே போதும் என்றார் டாக்டர். நான் அழுதேன். மச்சானோ, “நான் ஐஸ்ல வெச்சேன் பாரு, அதுலதான் கெட்ட ஜீன் செத்துச்சு,” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மருந்து ஏறியதும் வாயெல்லாம் புண். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் வாயில் வைக்கலாம் என்றார் நர்ஸ். மறுநாள் காலை, அதே தெர்மாகோல் பெட்டியோடு மச்சான் வந்து நின்றார். மூடிபோட்ட டப்பாவிலிருந்து ஒரு துண்டை அக்கா என் வாயில் வைத்தாள். எரிச்சல் மெல்ல அடங்கியது.

“பாத்தியாம்மா? கள்ளக்குறிச்சியிலேர்ந்து பஸ்ல எடுத்துகினு வந்திருக்கேன். சொட்டுக்கூட கரையல.”

சூடாகக் கொடுக்க என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஐஸைத் துப்பினால்தான் சொல்ல முடியும். நான் துப்பவில்லை.