துரையின் காது, சூசையின் காது

திங்கட்கிழமை காலை சங்குகளைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியைத் திறந்து, நாற்றம் கொஞ்சம் வெளியேறட்டும் என்று இரண்டு கதவுகளையும் விரித்துவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சூசையின் மச்சினன் வாசலில் வந்து நின்றான். காலில் செருப்பில்லை. "அக்கா, அத்தான் செத்துப் போச்சு" என்றான். "எந்த அத்தான்?" என்று கேட்டேன். அவனுக்கு ஒரே ஒரு அத்தான்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே வாசலில் குந்தியிருந்து நாய்க்குக் காது துடைத்துவிட்டுப் போனவன், முப்பத்தாறு வயதுக்காரன், மூச்சை அடக்கிச் சங்கெடுக்க எத்தனையோ பாகம் கடலாழத்துக்கு இறங்கி ஏறுகிறவன், திங்கட்கிழமை எப்படி இல்லாமல் போவான்? கடல்தான் கொண்டுபோய்விட்டது என்று நினைத்து, எந்த வள்ளம் என்று கேட்டேன். "கடல்ல இல்லக்கா, காதுல" என்றான் அவன்.

காதிலிருந்த சீழ் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சனிக்கிழமை தலைவலி, காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடித்தபோது அவன் மனைவி லூர்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் போய்வந்து ஒரு வாரமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

அவனோடு ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போன குளியாளிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கடலில் அவனைக் கண்டிருப்பீர்கள். கிட்டங்கியில் கணக்கெழுதும் நான் கரையில் மட்டுமே கண்டேன். என்னைவிட ஐந்து வயது இளையவன், தம்பி மாதிரி. அதனால் 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

எங்கள் பழக்கம் துரையால் வந்தது. துரை கிட்டங்கியின் காவல் நாய். ஏதோ ஒரு கப்பல்காரர் விட்டுவிட்டுப் போன சாதி நாய், நீளக் காதுகள் தொங்கும். யாரையும் மேலே கை வைக்க விடாத பவிசுக்குத்தான் அந்தப் பெயர். சங்கின் சதை அழுகுகிற இடத்தில் ஈக்கு என்ன பஞ்சம்? மூன்று வருடத்துக்கு முன்னால் துரையின் இரண்டு காதும் புழுத்துப் போயின. காவலாளி அய்யாக்கண்ணு அண்ணாச்சி நான்கு சுமைக்காரர்களைக் கூட்டிவந்து, சாக்கைப் போட்டு அமுக்கி, தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக் காதுக்குள் விட்டார். துரை சாக்கோடு சேர்த்து அவர் முழங்கையைக் கடித்தது. இன்னொரு முறை கடித்தால் நாய் பிடிக்கிற வண்டியில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்வதானால் எனக்கு அது சரியென்றே பட்டது. எனக்கு நாய் ஆகாது.

அன்று சங்கு ஒப்படைக்க வந்த சூசை, துரை தலையைச் சாய்த்து மண்ணில் காதைத் தேய்ப்பதைப் பார்த்து நின்றுவிட்டான். "கோவம் இல்லக்கா அது. வலிக்கி அதுக்கு. நான் பாத்துக்கிடுதேன், வண்டிக்குச் சொல்லிராதிய" என்றான்.

முதல் நாள் அவன் காதைத் தொடவே இல்லை. துரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவித்த சாளை மீனைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் கழுத்தைத் தடவினான். அதற்கு மறுநாள் காது மடலைத் தூக்கி, உடனே கீழே விட்டான். அய்யாக்கண்ணு அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏலே சூசை, நாய்க்கு ஞானஸ்நானமா குடுக்கப் போற? பிடிச்சு அமுக்குலே" என்றார். "நீங்க அமுக்குன வடு முழங்கையில இருக்கே அண்ணாச்சி, அது போதாதா?" என்றான் சூசை. அண்ணாச்சி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வெதுவெதுப்பான எண்ணெயும் மாட்டாஸ்பத்திரியில் வாங்கிய மருந்தும் காதுக்குள் இறங்கின. காதின் அடியை வெளியிலிருந்து பைய அமுக்கினான். உள்ளே சளக் சளக் என்று சத்தம் வந்தது. துரை தலையை உதறியபோது ஊறிவந்த அழுக்கைப் பஞ்சால் மடலில் மட்டும் துடைத்தான். "குச்சிய உள்ள விடக் கூடாதுக்கா. கண்ணுக்குத் தெரியுத வரைக்கும்தான் நம்ம எடம்" என்பான். எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் நாலு அடி தள்ளி நிற்பேன். "நீங்க துரைக்குப் பயப்படுதியளா, எண்ணெய்க்குப் பயப்படுதியளா?" என்று கேட்டுச் சிரிப்பான்.

துரை உறுமினால் அந்த நிமிடமே கையை எடுத்துவிடுவான். பாதி வேலையில் விடுகிறாயே என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "அது போதும்னா கைய எடுத்துரணும்க்கா. ஆனா நாளைக்கு மறுபடி வரணும். விட்டுட்டுப் போனவன் திரும்பி வந்தாத்தான் அது நம்பும்" என்றான். அப்படியே வந்தான். புழு போனது, புண் ஆறியது, அதன் பிறகும் வாரம் தவறாமல் வந்தான். மூன்று வருடமாகத் துரை யாரையும் கடிக்கவில்லை.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சூசை எப்போதும் என் இடப்பக்கமாகவே உட்காருவான், வலது காது என் பக்கம் இருக்கும்படி. முதல் வருடமே ஒருநாள் அவன் திரும்பியபோது இடது காதில் பஞ்சு இருப்பதைப் பார்த்தேன், மஞ்சளாக ஊறியிருந்தது. "என்னப்பா இது?" என்று கை நீட்டினேன். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல, காத்தடைப்பு." டாக்டர் என்று வாயெடுத்ததும் எழுந்துவிட்டான். "துரையே தேவலை போலிருக்கே" என்று நான் கேலி செய்தேன். அவனும் சிரித்தான்.

உங்களுக்குத் தெரியாததா? முதல் சங்குப் பருவத்தில் செவிப்பறை கிழிந்து காது உடைந்தால்தான் ஆள் குளியாளி என்பது உங்கள் பேச்சு. உடைந்த காது ஆழத்தில் வலிக்காது என்பீர்கள். சீழ் வந்தால் கோழி இறகைச் சுடு எண்ணெயில் தோய்த்து உள்ளே விடுவீர்கள். நாயின் காதுக்குள் குச்சி போகக் கூடாது என்றவன், தன் காதுக்குள் இறகு விட்டுக் குடைந்திருக்கிறான். லூர்துதான் சொன்னாள்.

பருவம் தொடங்கும் முன் டாக்டர் வந்து குளியாளிகளைப் பார்ப்பார். காதில் சீழ் கண்டால் அந்தப் பருவம் கடலில் இறங்க முடியாது. யார் முதலில், யார் கடைசியில் என்று பட்டியல் எழுதுகிறவள் நான். அந்த முதல் வருடம் சூசை வந்து மேசை ஓரத்தில் நின்றான். "அக்கா, எம் பேரக் கடைசியாப் போட்டுருங்க." கடைசி ஆள் வரும்போது டாக்டருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். எதற்காகக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன். நல்லது செய்ததாக நினைத்தேன். அடுத்த வருடமும் போட்டேன். இந்த வருடம் அவன் கேட்கக்கூட இல்லை. நானாகவே கடைசியில் எழுதினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை துரையின் காதைத் துடைக்கும்போது இரண்டு முறை கையை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டான். "தல பாரமா இருக்குக்கா" என்றான். போய்ப் படு என்றேன். அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அவன் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை துரை வாசலில் காத்திருந்தது. நான் சாளை மீனை வாங்கிவந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மடலைத் தூக்கியதும் உறுமியது, கையை எடுத்துவிட்டேன். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நேற்று துரை எண்ணெய் விட இடம் கொடுத்தது.

சூசையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எண்ணெய்ப் புட்டியும், 'நாளைக்கு மறுபடி வரணும்' என்று அவன் சொன்ன அந்த ஒரு சொல்லும்தான். நாய்க்குச் சொன்ன சொல் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று அவன் தலையை இழுத்துக்கொண்டபோது நானும் கையை எடுத்தேன். மறுநாள் அந்தக் காதைப் பற்றி மறுபடி கேட்கப் போகவில்லை. மூன்று வருடம் போகவில்லை.

மேனேஜரிடம் சண்டை போட்டு, வருகிற புதன்கிழமை டாக்டரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். பட்டியல் எழுதி முடித்துவிட்டேன். காதில் பஞ்சு வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயர்கள்தான் முதலில் இருக்கின்றன. வந்து என்னைத் திட்டுங்கள், தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளுங்கள், எழுந்து போங்கள். நான் மறுநாள் வருவேன்.