அணைக்கிற பொத்தான் கேட்ட செண்பகவல்லி மேடம்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரேஸ்புரத்திலிருந்து ரோஸ்மேரி அக்கா போன் செய்து, “சார், நம்ம மேடம் போயிட்டாவ” என்று அழுதார். கல்லூரி சொல்வதற்கு முன்பே ஒரு மீனவர் வீடு எனக்குச் சொல்லிவிட்டது.

தத்துவப் பேராசிரியர் செண்பகவல்லியைத்தான் சொல்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு கருவியும் யாருக்கு என்ன செய்யும் என்று ஆராய்வது அவர் வேலை. நான் கருவி செய்கிறவன். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்! கேன்டீனில் என்னைக் கத்தவிட்டு, தன் உளுந்தவடையை என் பக்கம் தள்ளி, “கோவப்பட்ட ஆளுக்குத்தான் பசிக்கும், தின்னும் எஞ்சினியரே” என்பார்.

படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குக் காட்டும் கருவி ஒன்று செய்தேன். வேண்டாதபோது அணைக்க ஒரு பொத்தான் வேண்டும் என்று மேடம் ஒற்றைக்காலில் நின்றார். “மீன் கிடைக்கிற இடத்த அவன் கூடப்பிறந்தவன்கிட்டயே சொல்ல மாட்டான். ஊருக்கே காட்டச் சொல்ல நாம யாரு?” முணுமுணுத்துக்கொண்டே வைத்தேன்.

முதல் மாதமே ரோஸ்மேரி அக்காவின் கணவர் அந்தோணி அதை அணைத்துவிட்டுக் கடலுக்குப் போனார். நடுக்கடலில் என்ஜின் நின்றது. கருவியை மறுபடி போட மின்சாரம் இல்லை. இரண்டு நாள் ஆளைக் காணோம். எனக்கு வந்ததே கோபம்! துறைத்தலைவர்கள், மீனவர்கள் எல்லோர் முன்னாலும் கத்தினேன்: “உங்க தத்துவம் ஒரு ஆளக் கொன்னுட்டு மேடம்!”

மேடம் நேரே ரோஸ்மேரி அக்கா வீட்டுக்குப் போய், “அந்தப் பொத்தானக் கேட்டது நான்தாம்மா. திட்டணும்னா என்னத் திட்டு” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா திட்டித் தீர்த்தார். மறுநாள் பக்கத்துப் படகுக்காரர்கள் அந்தோணி அண்ணனை உயிரோடு கரைசேர்க்கும்வரை மேடம் அந்த வீட்டை விட்டு நகரவில்லை.

பொத்தானைப் பிடுங்கி எறியப் போனேன். “எடுக்காதிய சார்” என்றார் அந்தோணி அண்ணன். “அணைச்சாலும் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியுற மாதிரி வைங்க.” அப்படியே மாற்றினோம். அதன்பின் மேடம் எழுதிய கட்டுரை இப்படித் தொடங்கியது: “படகில் இருப்பவரைக் கேட்டேன், வீட்டில் இருப்பவரைக் கேட்க மறந்தேன்.”

என் மறதி எதிலும் எழுதப்படவில்லை. தனி பேட்டரி இல்லாமல் அந்தக் கருவியைச் செய்தவன் நான். அது இருந்திருந்தால் அண்ணன் கருவியை மறுபடி போட்டிருப்பார்; அன்றைக்கே மீட்க ஆள் போயிருக்கும். மேடத்திடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். “சரி, இப்ப வையும்” என்றார். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழி அவர் பெயரிலேயே கிடந்தது. நானும் சௌகரியமாகக் கிடக்கவிட்டேன்.

அன்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். இன்று இந்த அஞ்சலியில் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் நான் செய்யும் கருவி தவறினால் எந்த வீடு அழும் என்று பார்த்து, முதலிலேயே அந்த வீட்டுக்குப் போய்விடுகிறேன். மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அங்கே கேட்கிற கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. அப்போதுதான் மேடம், உங்களை மனசு ரொம்பத் தேடுகிறது.